பத்தாவது கேள்வி

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் மேசையை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு குவியலோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாள், மருந்துக்கடை உறை, கிழித்த காலண்டர் தாள் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் ரசிகர்கள் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இதைக் கேளு பாப்பா," என்றாள் அண்ணி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு. "'கிழக்குப் பக்கக் கழிவறையில் மூன்று வருஷமாகத் தண்ணீர் இல்லை. தலைவர் ஒருநாள் வந்து போவாரா?' வந்து போவாரான்னா ரெண்டு அர்த்தம் வருது. மாத்தவா, விடவா?"

"விடு," என்றான் அண்ணன். "ரெண்டாவது அர்த்தம்தான் கேள்வியே."

அண்ணிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவைத் திறக்காமல் அவளால் படிக்க முடியாது. காலையிலிருந்து நாற்பது சீட்டுகளை ரணகளமாக்கியிருந்தாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் கால்பந்து கிளப்பின் தலைவரும் நிர்வாகிகளும் மேடையில் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அந்த நாள் இன்று. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். பத்து கேள்விக்குத்தான் அனுமதி. பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் கிளப் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டைப் பத்தாக்கும் தலைவலி, ரசிகர் மன்றத்தை நடத்தும் அண்ணன் தலையில் விழுந்திருந்தது.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் இரண்டு நாள், தன் ஓய்வு நேரத்தில், வீரர்களைப் பயிற்சிக்கு ஏற்றிப் போகும் கிளப் பஸ்ஸையும் ஓட்டுவான். அவன் குரலுக்கு மைக் எதற்கு? மைதானத்தில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர். தங்கைக்கு முப்பத்து நாலு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். மைதானத்தில் 'ஸ்ப்ரே அக்கா'. யார் விழுந்தாலும் வலி ஸ்ப்ரேயும் பையுமாக உள்ளே ஓடும் கிளப்பின் பிசியோதெரபிஸ்ட்.

போன வாரங்களை விடாமல் படித்தவர்களுக்கு அந்தக் கடைசி ஆட்டம் மறந்திருக்காது. இன்றுதான் வந்து சேர்ந்தவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

பதினான்கு நாளுக்கு முன்னால், பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. ஒரு கோல் முன்னிலை. மாற்று ஆட்டக்காரர்கள் மூவரையும் இறக்கியாயிற்று; இனி கோல்கீப்பர் வெளியேறினால் களத்தில் இருக்கும் ஒருவனைத்தான் கோலில் நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில், உயரே வந்த பந்துக்குப் பாய்ந்த கோல்கீப்பரின் தலையும் எதிரணிக்காரனின் முழங்காலும் மோதின. அந்தக் கோல்கீப்பரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைத் தாண்டிப் பந்து போகாது.

பூட்டு விழுந்து கிடந்தான். பாப்பா ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான், ஆடினான், முடிகிற நேரத்தில் ஒரு பெனால்டியையும் தடுத்தான். ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. மறுநாள் காலை குளியலறையில் மயங்கி விழுந்தான். மண்டைக்குள் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். இப்போது வீட்டில், திரை போட்ட அறையில் படுத்திருக்கிறான். மறுபடி கையுறை மாட்டுவானா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றினார்கள்.

கிளப் விட்ட அறிக்கையில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. 'மருத்துவக் குழு பரிசோதித்து அனுமதித்த பிறகே அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.'

அதைப் படித்த அன்றே அண்ணி கேட்டாள்: "குழுவா? கிளப் டாக்டர் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நீ ஒருத்திதானே குழு!"

ஆமாம். அவள் ஒருத்திதான்.

"ஒன்பது ஆச்சு," என்றான் அண்ணன். முகச்சவரம் செய்து மூன்று நாள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பத்தாவது நானே எழுதினது. கேளு. 'கோல்கீப்பரை மாற்றும்படி பிசியோ கை காட்டிய பிறகும், அவரைத் திரும்ப ஆட வைத்தது யார்?' எப்படி?"

அவன் போனில் ஒரு வீடியோ இருந்தது. ரசிகர் யாரோ எடுத்தது. மொத்தம் பதினொரு வினாடி. பாப்பா முழங்காலிட்டிருக்கிறாள், திரும்புகிறாள், இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டுகிறாள். ஆளை மாற்றுங்கள் என்பதற்கான சைகை. அதோடு படம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அண்ணன் அதை நூறு தடவையாவது பார்த்திருப்பான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினான்.

"அது வேணாம்ணா," என்றாள் பாப்பா.

"எது?"

"பத்தாவது."

அண்ணன் பேனாவை வைத்தான். "பழியைத் தூக்கி உன் தலையில கட்டியிருக்காங்க. நீ மாத்தச் சொல்லியிருக்கே, படமே இருக்கு. இதைக் கேக்காம தண்ணி வரல, சோப்பு இல்லன்னு கேட்டுட்டு வரவா?"

"தண்ணி வரலங்கறதும் கேள்விதான்."

"பாப்பா, விளையாடாதே."

"வேணாம்னா விடேன்! எதுக்கெடுத்தாலும் நீயே முன்னால நிக்கணுமா?"

அவள் குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது. அண்ணி சிவப்புப் பேனாவை மூடினாள். அண்ணன் சீட்டுகளைத் திரட்டி உறையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"பத்தும் போகும்," என்றான். செருப்பை மாட்டும்போது எதையோ உதைத்த சத்தம் கேட்டது.

பாப்பா சமையலறைக்குள் போய் டம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். பின்னாலேயே வந்த அண்ணி குழாயை மூடினாள்.

"அவனும் சரியில்ல," என்றாள் தணிந்த குரலில். "பூட்டைப் பார்க்க ஊரே போய்ட்டு வந்துடுச்சு. இவன் மட்டும் போகல. கேட்டா ஷிப்ட்டுங்கறான். என்னவோ போ." ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். "இது நேத்து வந்துச்சு. அவன் கண்ணுல காட்டல. உனக்குத்தான்னு பட்டுச்சு."

கோடு போட்ட தாள். எழுத்து சிறியது, நிதானமானது.

'தலையில் அடிபட்ட பிறகு நடந்தது எதுவும் என் கணவருக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெனால்டியும் ஞாபகம் இல்லை. எழுந்து நின்றபோது நான் என்ன சொன்னேன் என்று மணிக்கொரு தரம் என்னைக் கேட்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?'

"இதுல திருத்த ஒரு பிழைகூட இல்ல," என்றாள் அண்ணி.

பாப்பா தாளை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்று யாருமில்லை. அவள்தான் இருந்தாள்.

"நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"கிளப்புல கூப்பிட்டாங்க. போய்ட்டு வந்துடறேன்."

"நான் அதைக் கேக்கல."

பாப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

கிளப் அலுவலகம் மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து வரும். செயலாளர் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் குனிந்துகொண்டே எழுவார். பழக்கதோஷத்தில் வெளியே வந்தும் குனிந்தே நடப்பார்.

மேசை மேல் அண்ணனின் பட்டியல் இருந்தது. பத்தாவது வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு.

"உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி." செயலாளர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "சாயங்காலம் நீங்களும் மேடையில உக்காரணும். ஜனங்க எப்படியும் பூட்டைப் பத்திக் கேப்பாங்க. அப்ப இதைப் படிச்சுட்டீங்கன்னா முடிஞ்சுது."

மூன்றே வாக்கியங்கள். 'வீரரை முறைப்படி பரிசோதித்தேன். அவர் ஆடும் நிலையில் இருந்தார். நிர்வாகமோ பயிற்சியாளரோ எனக்கு எந்த நெருக்கடியும் தரவில்லை.'

"பத்தாவது கேள்வியை எடுத்துட்டோம்," என்றார் செயலாளர். "அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. நாங்க சொன்னா ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுடுவார்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அடுத்த பருவத்துக்கும் நீங்கதான் பிசியோ. தலைவரே சொல்லிட்டார்."

"நான் படிக்கலேன்னா?"

செயலாளர் பென்சிலைக் காதில் செருகினார். "அப்படியெல்லாம் ஏம்மா நினைக்கறீங்க?" என்றார், ரொம்பப் பிரியமாக.

தாளைப் பையில் போட்டுக்கொண்டு சிகிச்சை அறைக்குப் போனாள். கதவைத் திறந்தால், கட்டிலின் மேல் கால் தொங்கப் போட்டுக்கொண்டு கோச் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியோடு வந்த ஆட்டக்காரன் மாதிரி. அறையில் வலித் தைலத்தின் நெடி. ஐஸ் பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

"தாள் குடுத்துட்டாரா?"

"குடுத்தார்."

"படிக்கப்போறியா?"

அவள் சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். கட்டுத்துணிச் சுருள்களை எண்ணி அடுக்கினாள்.

"நான் கேட்டேன், நீ தலையாட்டினே," என்றார் கோச். "இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

"இல்லேன்னு சொல்லல சார்."

"அப்புறம் உங்கண்ணன் என்ன அந்த வீடியோவைத் தூக்கிக்கிட்டு அலையறான்? நீ கை காட்டினது நிஜம். உடனே நான் கோட்டோரமா ஓடி வந்தேன். நிப்பானா, மாட்டானான்னு கேட்டேன். நீ தலையாட்டினே. அதையும் சொல்லிடு. நடுவுல என் ஒருத்தன் கழுத்துல கயிறு மாட்டாதே." இறங்கி நின்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எனக்குந்தான் தூக்கம் வரல."

அவர் போன பிறகு பாப்பா அதே கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள். மணி ஒன்று. கூட்டத்துக்கு இன்னும் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

*

வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்து வந்ததில் ஏறினாள். எங்கே போகிறது என்று ஏறிய பிறகுதான் பார்த்தாள்.

பூட்டின் தெரு வந்ததும் இறங்கிவிட்டாள்.

இரண்டு பக்கமும் மூன்று மாடிக் குடியிருப்புகள். சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்று, சலவைக்கடை ஒன்று. இரண்டாவது மாடியில் பட்டப்பகலில் தடித்த திரை போட்டிருந்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டால் அவனுக்குத் தலை பிளக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

கீழ்ச் சுவரில் ரசிகர்கள் சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 'பூட்டு உடையாது.'

பாப்பா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை அவள் கடந்தபோது சைக்கிள்கடைக்காரர் தலையைத் தூக்கினார்.

"யார் வீட்டைம்மா தேடறீங்க?"

"தெரிஞ்ச வீடுதான்."

"தெரிஞ்ச வீடுன்னா ஏறிப் போக வேண்டியதுதானே?"

மாடிப்படியில் கால் வைத்தாள். ஐந்து படி ஏறினாள். ஏறிப் போய் என்ன சொல்வது? மன்னிச்சுடுங்கன்னா? அவன் மணிக்கொரு தரம் கேட்கிறான். அதற்குப் பதில் அவளிடம் இருக்கிறது. பதினான்கு நாளாக அதை வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அண்ணன் அந்த வீடியோவைக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறாள். அவன் அவளை நல்லவளாகக் காட்டக் காட்ட, அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

மேலே ஒரு கதவு திறக்கும் சத்தம். பாப்பா இறங்கி, கிட்டத்தட்ட ஓடி, தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் நின்றாள்.

*

ஐந்து மணிக்கு மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. சட்டை நிறமும் சால்வை நிறமும் ஒன்றே. மர நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேடையில் தலைவர், செயலாளர், கோச், கடைசி நாற்காலியில் பாப்பா. அவள் மடியில் அந்தத் தாள். இரண்டாம் வரிசையில் அண்ணனும் அண்ணியும். மூன்று வரிசை தள்ளி, ஓரமாக, பூட்டின் மனைவி. போனைக் கையில் செங்குத்தாகப் பிடித்திருந்தாள். படமெடுக்கிறாள் போலிருக்கிறது என்று பாப்பா நினைத்தாள்.

கழிவறைக் கேள்வி வந்தது. "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்," என்றார் தலைவர்.

"வந்து போவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் குலுங்கியது.

"புதுச் சட்டையின் சாயத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? ஒரே சலவையில் என் வீட்டு ஜன்னல் திரை வரைக்கும் கிளப் ரசிகர் ஆகிவிட்டது," என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். தலைவர் அதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது கேள்வி. "தலைவர் நம் ஆட்டங்களைப் பார்க்கிறாரா? பார்க்கிறார் என்றால், இடது பின்களத்தில் ஆடுபவனின் சட்டை எண் என்ன?"

தலைவர் செயலாளர் பக்கம் சாய்ந்தார். நிமிர்ந்தார். "மூன்று!"

"அது போன வருஷம்!" என்று முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

சிரிப்புக்கு நடுவில் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அண்ணி அவன் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். கை எடுத்ததும் மறுபடி ஆட ஆரம்பித்தது.

ஒன்பதாவது கேள்வி முடிந்தது. செயலாளர் பட்டியலை மடித்தார். "நேரமின்மை காரணமாக..."

"பத்தாவது எங்கே?"

மைக் இல்லாமலே அந்தக் குரல் கடைசிச் சுவரில் மோதித் திரும்பியது. அண்ணன் எழுந்து நின்றிருந்தான்.

"நாங்க பத்து குடுத்தோம். ஒண்ணைத் தின்னது யாரு? நானே கேக்கறேன். பூட்டை மாத்தச் சொல்லி எங்க ஸ்ப்ரே அக்கா கை காட்டினாங்க. மொத்த ஊரும் பார்த்துச்சு. அதுக்கப்புறமும் அவனை ஆட வச்சது யாரு? பேரைச் சொல்லுங்க!"

மண்டபம் கொதித்தது. "பேர்! பேர்!" என்று காலால் தரையைத் தட்டினார்கள். கோச் தலை குனிந்திருந்தார். செயலாளர் பதறவில்லை. மைக்கை எடுத்து மேசை வழியாக பாப்பாவிடம் தள்ளினார். "மருத்துவக் குழுவே பதில் சொல்லும்," என்றார்.

பாப்பா எழுந்தாள். எழுந்ததும் கைதட்டல். அவளுக்காகத்தான். அவள் பக்கம் இருப்பதாகச் சொல்லும் கைதட்டல். அது அடங்கும்வரை நிற்பது, மைதானத்தின் நடுவில் தனியாக நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தாளைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். மேசையில் வைத்துவிட்டாள்.

"குழுன்னு ஒண்ணு கிடையாது," என்றாள். "டாக்டர் இல்ல. நான் மட்டுந்தான். ஆளை மாத்துங்கன்னு கை காட்டினது நிஜம். அண்ணன் சொன்னது சரி."

கைதட்டல் மறுபடி கிளம்பியது. அவள் கையை உயர்த்தினாள்.

"இருங்க. முடிக்கல. அதுக்கப்புறம் கோச் ஓடி வந்தார். நிப்பானா மாட்டானான்னு கேட்டார். நான் தலையாட்டினேன். நிப்பான்னு தலையாட்டினேன். அது வீடியோல இல்ல."

சத்தம் பாதியில் அறுந்தது.

"ஏன்?" யாரோ ஒரு பெண்குரல், கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டது.

"ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அவர் போனா கோல்ல நிக்க ஆள் இல்ல. உங்க எல்லாருக்கும் இருந்த ஆசை எனக்கும் இருந்துச்சு. ஆனா எனக்கு இருந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் என்னை அங்க வச்சிருக்காங்க."

தண்ணீர் டம்ளர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

"இன்னொரு கேள்வி. இது உங்க பட்டியல்ல இல்ல. பூட்டோட மனைவி எழுதினது. எழுந்து நின்னப்ப அவர் என்ன சொன்னார்ன்னு கேட்டிருக்காங்க. தலையில அடின்னா நாங்க மூணு கேள்வி கேப்போம். முதல் கேள்வி, இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா? ரெண்டாவதுன்னு சரியாச் சொன்னார். அடுத்து, எத்தனை கோல்னு கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கேட்டார்..." பூட்டின் மனைவி பக்கம் திரும்பினாள். "'அக்கா, இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கலையா?'ன்னு கேட்டார்."

மண்டபத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"மூணாவது கேள்வியை நான் கேக்கவே இல்ல," என்றாள் பாப்பா.

செயலாளர் மைக்குக்குக் கை நீட்டினார். அதற்குள் கோச் எழுந்துவிட்டார். "அவங்க தலையாட்டற வரைக்கும் நான் விடல," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு தடவை இல்ல. மூணு தடவை கேட்டேன். முதல் ரெண்டு தடவையும் வேணாம்னுதான் சொன்னாங்க."

தலைவர் கூட்டம் முடிந்ததாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. ஒரு பக்கம் சிலர் கத்தினார்கள். ஒரு பக்கம் சிலர் அழுதார்கள். நேற்றுவரை அவளோடு படம் எடுத்துக்கொண்ட ஒருத்தி, கழுத்துச் சால்வையை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தாள். அதைப் பார்க்காமல் இருக்க பாப்பா முயற்சி செய்யவில்லை. பார்த்தாள்.

மேடையிலிருந்து இறங்கினாள். அண்ணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கையில் கொடுத்தாள்.

"அண்ணன்?" என்றாள் பாப்பா.

அண்ணன் இரண்டாம் வரிசையில், எழுந்து நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்திருந்தாள். பதினான்கு நாள் தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று கத்துவான் என்று நினைத்திருந்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சீட்டு கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவனின் முகமாக இருந்தது அது.

அவனை நோக்கி நடக்கப் போனாள். குறுக்கே பூட்டின் மனைவி வந்து நின்றாள்.

அடிப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அவள் போனை நீட்டினாள். திரையில் படம் எதுவும் ஓடவில்லை. நாற்பத்தெட்டு நிமிடம் என்று அழைப்பு நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் லைன்ல இருக்கார்க்கா. ஆரம்பத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கார். உங்ககிட்ட குடுக்கச் சொன்னார்."

பாப்பா போனைக் காதில் வைத்தாள். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுப்பா," என்றாள்.

"ஆட்டம் ஆரம்பிக்கலையான்னா கேட்டேன்?" குரல் மெலிந்திருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. "நல்லா கேட்டேன் போங்க."

"மன்னிச்..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்க்கா. நீங்க மொத்தத்தையும் உங்க தலையில போட்டுக்கறீங்க. அது சரியில்ல. எனக்கு மோதினதுக்கு அப்புறம் நடந்ததுதான் ஞாபகம் இல்ல. அதுக்கு முன்னாடி எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு." மூச்சு வாங்கினான். "அந்த வாரம் செவ்வாக்கிழமை, பயிற்சியில கோல் கம்பத்துல தலை இடிச்சுக்கிட்டேன். யாரும் பார்க்கல. திரும்பி வர்றப்ப பஸ்ல ரெண்டு தடவை வாந்தி. வண்டியை ஓரங்கட்டி, முதுகைத் தடவி, தண்ணி குடுத்ததே உங்கண்ணன்தான்."

பாப்பா பாட்டிலை அண்ணியின் கையில் கொடுத்தாள். கொடுத்தது அவளுக்கே தெரியவில்லை.

"பாப்பாகிட்ட சொல்லிடறேன்டான்னார். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். சொன்னீங்கன்னா கடைசி ஆட்டத்துல உக்கார வச்சுடுவாங்கண்ணேன்னேன். சரிடா, ஜெயிச்சுட்டு வா, அப்புறம் பார்த்துக்கலாம்னார். உங்ககிட்ட சொல்லிட்டாராக்கா?"

கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்து, நடுவில் இடம் விட்டிருந்தது. அண்ணன் அவள் காதிலிருந்த போனைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பூட்டின் மனைவியைப் பார்த்தான். பிறகு, மெல்ல, பின்னால் கைவிட்டு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"இல்லப்பா," என்றாள் பாப்பா, அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் சொல்லல."